பழைய ரேஞ்ச் வீட்டைப் புதுப்பித்தலும் இழுத்துக் கட்டுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில், 1957இல் கட்டப்பட்ட செங்கல் முகப்பு ரேஞ்ச் வீட்டை வாங்கி, உள்ளே புதுப்பித்து, பின்பக்கம் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இழுத்துக் கட்டியிருக்கிறோம். அதன் பிறகு, இதே போன்ற வீட்டை வாங்கிய அல்லது வாங்கப் போகும் நண்பர்கள் கேட்ட கேள்விகளே இங்குள்ளவை. நான் பொறியாளர் அல்லன். பணம் கொடுத்து, தூசி தின்று கற்றுக்கொண்ட வீட்டுக்காரன். சுவரையோ கூரையையோ தொடும் எந்த முடிவையும் உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிய பிறகே எடுக்க வேண்டும்.

ரேஞ்ச் வீடு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே தளம், நீண்டு தாழ்ந்த கூரை, சுவரைத் தாண்டி அகலமாக இறங்கும் இறவாரம், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், வீட்டோடு ஒட்டிய கேரேஜ் ஆகிய இவை சேர்ந்தால் அது பெரும்பாலும் ரேஞ்ச் வீடுதான். கலிபோர்னியாவின் பழைய பண்ணை வீடுகளின் சாயலில் 1930களின் தொடக்கத்தில் சான் டியாகோவில் கிளிஃப் மே கட்டத் தொடங்கிய இந்த வடிவம், போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த வீட்டுக்கடன் உத்தரவாதத்தின் துணையோடு நாடெங்கும் பரவியது. லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் 1949இல் விற்ற ரேஞ்ச் வீட்டின் அளவு 32 அடிக்கு 25 அடி. விலை 7,990 டாலர். கலிபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் கட்டிய ஏறத்தாழ 11,000 வீடுகள் இதே குடும்பத்தின் நவீனக் கிளை.

இந்த வரலாறு உங்களுக்கு ஏன் தேவையென்றால், இவை வேகமாகவும் சிக்கனமாகவும் கட்டப்பட்ட வீடுகள். அன்றைய தேவைக்கு எவ்வளவு மரம் போதுமோ அவ்வளவுதான் போட்டிருப்பார்கள். மோசமாகக் கட்டினார்கள் என்று சொல்லவில்லை. மரம் நன்றாக முற்றிய மரம். ஆனால் மேலே எதையாவது ஏற்றுவதற்கென்று மிச்சம் வைத்த பலம் அதில் அதிகமாக இராது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லதா, இருப்பதை விரிப்பது நல்லதா?

அஸ்திவாரம் நேராக இருந்து, கூரை அலைபாயாமல் இருந்தால், விரிப்பதே நல்லது என்பது என் எண்ணம். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தால், புதிய கட்டுமானத்தைப் பழையதோடு பிணைப்பதற்கான செலவு கூடிக்கொண்டே போகும். அங்கே இடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். சமையலறைக் கல்லும் தரையும் பிடிக்கவில்லை என்பது இடிப்பதற்குக் காரணமே ஆகாது.

முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாதவற்றை. ஒரு பிளம்பரை வரவழைத்து, வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் வார்ப்பிரும்பும், வெளியே சுட்ட களிமண் குழாயும் போடுவது வழக்கம். களிமண் குழாயின் இணைப்புகளில் மரத்தின் வேர் நுழைந்திருக்கும். சில ஊர்களில் தார் தோய்த்த காகித நாரால் செய்த, ஆரஞ்ச்பர்க் என்று அழைக்கப்படும் குழாயைப் புதைத்திருப்பார்கள். அது மண்ணின் அழுத்தத்தில் முட்டை வடிவமாக நசுங்கிக் கடைசியில் மூடிக்கொள்ளும். புதிய குளியலறையைப் போய் அப்படிப்பட்ட குழாயில் இணைப்பது வீண். தண்ணீர் வரும் குழாய் கால்வனைஸ்டு இரும்பா என்றும் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் குழாயின் உள்ளே, துரு அடைத்து பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருக்கும். தெருவிலிருந்து மீட்டர் வரை வரும் குழாய் ஈயமா என்பதையும் கேளுங்கள். சிகாகோ நகரம் 1986 வரை ஈயக் குழாயைத்தான் கட்டாயமாக்கியிருந்தது.

அடுத்தது மின்சாரம். 60 அல்லது 100 ஆம்பியர் இணைப்போடு கட்டப்பட்ட வீட்டில் இன்றைய அடுப்பும், வீட்டைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப்பும், மின்கார் சார்ஜரும் அடங்கா; 200 ஆம்பியருக்கு மாற்ற வேண்டிவரும். இரண்டு ஓட்டை மட்டும் உள்ள பிளக் பாயின்ட் என்றால் அங்கே பெரும்பாலும் எர்த் கம்பி கிடையாது. சிகாகோப் பகுதியில் ஒரு நல்லூழ் உண்டு: இங்கே அக்காலத்திலேயே கம்பிகளை உலோகக் குழாய்க்குள்தான் இழுத்தார்கள். எனவே சுவரை உடைக்காமலேயே பழைய கம்பியை உருவிவிட்டுப் புதியதை இழுக்க முடிகிறது. அந்தக் குழாயே எர்த்தாகவும் பயன்படுகிறது. 1965க்கும் 1973க்கும் இடையில் கட்டப்பட்ட வீடு என்றால் அலுமினியக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது மிக மிக அவசியம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, 1972க்கு முன் அலுமினியக் கம்பி போட்ட வீடுகளில், இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு அதிகம்.

ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயிண்ட் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

இருக்கிறது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. தெரியாமல் உடைப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். கார்ப்பெட்டைக் கிழித்ததும் 9 அங்குலச் சதுரத் தரைத்துண்டுகள் தெரிந்தால், அவற்றிலும் அடியில் உள்ள கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உட்கூரையில் பொரி தூவியது போல் தெளித்த பூச்சு, வெப்பக்காற்றுக் குழாயின் இணைப்புகளில் சுற்றிய வெள்ளைத் துணிப்பட்டை, மேலே, உட்கூரைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள மச்சில் கொட்டியிருக்கும் மைக்கா போல் மின்னும் வெர்மிகுலைட் துகள் ஆகியவையும் அதே சந்தேகப் பட்டியலில் வரும். அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டின் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தப் படிவத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. வேலை தொடங்கும் முன் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உடையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தரைத்துண்டை அப்படியே விட்டு மேலே புதிய தரை போட்டுவிடுவது பல நேரங்களில் அகற்றுவதைவிடப் பாதுகாப்பானது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்தக் கறுப்புப் பசையை இயந்திரம் வைத்துத் தேய்க்காதீர்கள்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயிண்ட் 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டில், ஓர் அறைக்குள் 6 சதுர அடிக்கு மேலோ வெளிச்சுவரில் 20 சதுர அடிக்கு மேலோ பெயிண்ட் பூசிய பரப்பைக் கலைக்கும் வேலையைக் கூலிக்குச் செய்யும் எவரும், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதிப்படி சான்று பெற்றிருக்க வேண்டும். ஜன்னல் மாற்றுவதற்கு அந்தச் சதுர அடி விலக்கும் கிடையாது. சொந்த வீட்டில் தானே வேலை செய்யும் உரிமையாளரை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்த விலக்கைப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம்; ஆனால் அது எந்தச் சுவர் என்று தெரிந்தாக வேண்டும். டார்ச் எடுத்துக்கொண்டு மச்சுக்குள் ஏறிப் பாருங்கள். 26 அடி ஆழமுள்ள வீட்டில், உட்கூரையைத் தாங்கும் சட்டங்கள் முன்சுவரிலிருந்து 13 அடியும் பின்சுவரிலிருந்து 13 அடியும் வந்து, வீட்டின் நீளவாக்கில் ஓடும் நடுச்சுவரின் தலையில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து ஆணி அடிக்கப்பட்டிருந்தால், அது பாரம் தாங்கும் சுவர். அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அந்தச் சட்டங்களுக்கு உண்டு. சாய்ந்து நிற்கும் கைமரங்கள் கூரைப் பாரத்தால் வெளிச்சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளப் பார்க்கும். எதிரெதிர்ச் சுவர்களைக் கயிறு போல் இழுத்துப் பிடித்திருப்பவை இந்தச் சட்டங்களே. நடுவில் அந்தப் பிணைப்பு விட்டுப்போனால், முகடு நடுவில் தொய்ந்து, சுவரின் தலை வெளியே சாயத் தொடங்கும்.

முறையாகச் செய்யும் விதம் இது: சுவரின் இருபுறமும் தற்காலிக முட்டுக் கொடுத்து, சுவரை எடுத்து, பலகைகளை அழுத்தி ஒட்டிச் செய்த பொறியியல் மர உத்தரத்தைச் சட்டங்களின் மட்டத்திலேயே செருகி, ஒவ்வொரு சட்டத்தையும் இரும்புத் தாங்கியில் உட்கார வைப்பார்கள். உத்தரத்தின் இரண்டு முனைகளிலும் சேரும் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பு நீளச் சுவர் முழுக்கப் பரவியிருந்த பாரம் இப்போது இரண்டே புள்ளிகளில் குவிகிறது. அந்தப் புள்ளிகளுக்கு அடியில் புதிய கான்கிரீட் கால் வேண்டும். தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடமுள்ள வீட்டில் இது எளிது. மண்ணின் மேலேயே கான்கிரீட் பலகை ஊற்றிய வீட்டில் தளத்தை வெட்டித் தோண்ட வேண்டும். அப்போது தளத்துக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லெவிட் வீடுகளிலும் ஐக்லர் வீடுகளிலும் வெப்பமூட்டும் குழாய்களைத் தளத்துக்குள்தான் புதைத்தார்கள்.

1950களின் பிற்பகுதி முதல், ஆலையில் செய்த டிரஸ் கூரைகளும் வரத் தொடங்கின. மரத்துண்டுகளைப் பல்லுள்ள இரும்புத் தகடு கடித்துப் பிடித்திருக்கும் முக்கோணச் சட்டகங்கள் தெரிந்தால் அது டிரஸ். பொதுவாக அதன் பாரம் வெளிச்சுவர்களிலேயே இறங்கும் என்பதால் உட்சுவர்களை எடுப்பது சுலபம். ஆனால் அந்தச் சட்டகத்தின் ஒரு குச்சியைக்கூடப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் அறுக்கக் கூடாது.

8 அடி உட்கூரையை எடுத்துவிட்டு, கைமரம் வரை திறந்துவிட முடியுமா?

மேலே சொன்ன, சுவர்களைக் கயிறு போல் இழுத்துப் பிடிக்கும் சட்டங்கள் இல்லாமல் கூரை நிற்க வேண்டுமென்றால், முகட்டிலேயே பாரம் தாங்கும் உத்தரம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது ஒரு செலவு. இரண்டாவது செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: பழைய கைமரத்தின் ஆழம் 6 அங்குலத்துக்கும் குறைவாகவே இருக்கும், குளிர்ப் பகுதிக் கூரைக்கு இன்று விதி கேட்கும் வெப்பத்தடுப்பு அதற்குள் அடங்காது. கூரைப் பலகைக்கு மேலே கெட்டியான நுரைப்பலகை அடுக்கி, அதன்மேல் ஷிங்கிள் என்னும் கூரை வில்லைகளைப் போட வேண்டியிருக்கும். கூரையை எப்படியும் மாற்றப் போகிறவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவது?

எல்லோரும் தரைப்படத்தில் தொடங்குகிறார்கள். ரேஞ்ச் வீட்டைப் பொறுத்தவரை கூரையில் தொடங்க வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதன் சாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வீடுகளின் கூரைச் சரிவு பெரும்பாலும் 12க்கு 4, அல்லது 3: அதாவது 12 அங்குலம் கிடையாகப் போனால் 4 அங்குலம் ஏறும். பின்சுவர் 8 அடி உயரம். இருக்கும் சரிவை அப்படியே பின்னால் நீட்டினால், 12 அடி போவதற்குள் கூரை 4 அடி இறங்கிவிடும். புதிய அறையின் கடைசிச் சுவர் இடுப்பைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். ஆகவே, 'கூரையைக் கொஞ்சம் இழுத்துவிடலாம்' என்று சொல்பவர் கணக்குப் போடவில்லை.

அப்படியானால் வழிகள் மூன்று. பக்கவாட்டில் அதே முகட்டை நீட்டுவதுதான் கூரைக்கு மிக எளிது. நீளம் இந்த வீட்டுக்கு அழகும்கூட. ஆனால் பக்கத்து மனையிலிருந்து விட வேண்டிய இடைவெளி அதற்குப் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. இரண்டாவது, பின்பக்கம் செங்குத்தாக ஒரு புதிய முகட்டைக் கொண்டுபோய், வீட்டை டி அல்லது எல் வடிவமாக்குவது. 16 அடி அகல அறைக்கு 12க்கு 4 சரிவில் கூரை 32 அங்குலம் ஏறும்; 26 அடி ஆழமுள்ள பழைய வீட்டின் முகடோ 52 அங்குலம். எனவே புதிய முகடு பழையதற்குக் கீழே அடங்கி நிற்கும். தெருவிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. நாங்கள் செய்தது இதுதான். இரண்டு கூரைகளும் சேரும் இடத்தில் இரண்டு கூடல்வாய்கள் உண்டாகும். மழைநீரும் உருகும் பனியும் அங்கேதான் ஓடும் என்பதால், அடியில் ஒட்டும் நீர்த்தடுப்புத் தாளும் மேலே உலோகத் தகடும் போடாமல் ஷிங்கிளை மட்டும் நம்பக் கூடாது. பனி பெய்யும் ஊரில், காற்று பனியை அந்த மூலையில் கொண்டுவந்து குவிக்கும். அங்குள்ள பழைய கைமரங்கள் தாங்குமா என்று பொறியாளர் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, தட்டையான அல்லது மிகக் குறைந்த சரிவுள்ள கூரை. 12க்கு 2க்குக் கீழே ஷிங்கிள் போடவே கூடாது. ரப்பர் விரிப்பு போன்றவைதான் சரி. நன்றாகச் செய்தால் நவீனமாக இருக்கும். அவசரமாகச் செய்தால் கொட்டகை போல் இருக்கும்.

இன்னொரு பொறியும் பின்பக்கத்தில் உண்டு. பின்னால் உள்ள படுக்கையறையின் ஜன்னலை மறைத்துப் புதிய அறை எழும்பினால், பழைய அறைக்குத் தீ விபத்தின்போது தப்பும் வழி போய்விடும்; சட்டப்படி அது பிறகு படுக்கையறையே அல்ல. பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதியின்படி, தப்பும் ஜன்னலின் திறப்பு தரைத்தளத்தில் 5 சதுர அடியாவது இருக்க வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ரேஞ்ச் வீட்டுப் படுக்கையறைகளில் சுவரின் உச்சியில் நீளமாக வைத்த பழைய ஜன்னல்கள் இந்த அளவுக்குள் பெரும்பாலும் வருவதில்லை.

மாடி எழுப்பலாமா?

முடியும்; ஆனால் கூரை முழுவதையும் கழற்ற வேண்டும், குடும்பம் வெளியேற வேண்டும், படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறையின் பாதியைக் கொடுக்க வேண்டும், அஸ்திவாரம் இரண்டு தளத்தைத் தாங்குமா என்று தோண்டிப் பார்க்க வேண்டும். சில இடங்களில் அனுமதியே கிடையாது: கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஐக்லர் வீடுகள் நிறைந்த சில பகுதிகளை ஒரு தளத்துக்கு மேல் கட்டக் கூடாத மண்டலங்களாகவே அறிவித்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் கண்ணாடிச் சுவர்களுக்குள் எட்டிப் பார்க்கும் மாடி அங்கே பெரிய தகராறு. மனை சிறியதாக இருந்தாலொழிய மாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய அஸ்திவாரத்தைப் பழையதோடு எப்படிச் சேர்ப்பது?

குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே புதிய கால் இறங்க வேண்டும். சிகாகோவில் அது 42 அங்குலம். புதிய கட்டடம் முதல் சில ஆண்டுகளில் சிறிதளவு இறங்கத்தான் செய்யும், பழையதோ இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி முடித்திருக்கும். எனவே பழைய அஸ்திவாரத்தில் துளையிட்டு எபாக்ஸி பசையோடு இரும்புக் கம்பிகளைச் செருகி இரண்டையும் பிணைப்பது வழக்கம். தோண்டும் முன் 811 எண்ணை அழைத்தால், எரிவாயு, மின்சாரம் போன்ற பொது இணைப்புகள் போகும் தடத்தை இலவசமாக வந்து குறித்துக் கொடுப்பார்கள்.

தரைமட்டத்தில் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. 1950களில் 'இரண்டுக்கு எட்டு' என்று விற்ற மரத்தின் உண்மையான ஆழம் 7½ அங்குலம். இன்று அதே பெயரில் வருவது 7¼. இரண்டையும் ஒரே உயரத்தில் உட்கார வைத்தால் தரையில் கால் அங்குலப் படி விழும். சுவரிலும் இதே கதைதான்: பழைய சுவரில் ஜிப்சம் பலகைக்கு மேல் சாந்து பூசியிருப்பதால் அது இன்றைய அரை அங்குலப் பலகையைவிடத் தடிமனானது. எங்கள் தச்சர் பழைய தரையை ஒட்டி ஒரு கட்டை வைத்து, அடியில் சிம் என்னும் மெல்லிய ஆப்புத் துண்டுகளைத் தட்டித் தட்டி, விரலால் தடவிப் பார்த்து, இன்னொரு துண்டைத் தட்டினார். அரை நாள் போயிற்று. இன்றைக்கு வெறுங்காலோடு நடந்தால் இணைப்பு எங்கே என்று எனக்கே தெரிவதில்லை.

கேரேஜை அறையாக மாற்றுவது மலிவான வழி அல்லவா?

சுவரும் கூரையும் ஏற்கெனவே இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் கேரேஜின் தரை வீட்டைவிடத் தாழ்ந்தும், கதவை நோக்கிச் சரிந்தும் இருக்கும். அடியில் ஈரத்தடுப்பு விரிப்பும் இராது. கதவுக்கு வெளியே கார் வரும் பாதை அப்படியே அறைச் சுவரில் வந்து முட்டுவதைச் சரிசெய்யாத வீடுகளைத் தெருவிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். பனிக்காலத்தில் காரைச் சுரண்டும்போது கேரேஜின் அருமை தெரியும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவார்கள். அவர்களுக்கென்று கட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இதற்காகத்தான் நம்மவர்கள் பலர் ரேஞ்ச் வீட்டைத் தேடுகிறார்கள். படி ஏறாமல் எல்லா அறைக்கும் போகலாம் என்பது இந்த வீட்டின் பெரிய வரம். கதவு 36 அங்குலம் இருக்கட்டும். குளியலிடத்துக்கு வரம்பு இல்லாத, தரையோடு தரையாகச் சரியும் அமைப்பைக் கேளுங்கள். அதற்குத் தரைச்சட்டங்களைக் கட்டும்போதே அந்தப் பகுதியைத் தாழ்த்த வேண்டும், பிறகு கேட்டால் நடக்காது. கழிவறைக்கும் குளியலிடத்துக்கும் பக்கத்துச் சுவருக்குள், பலகை மூடும் முன், கனமான மரத்துண்டுகளைக் குறுக்கே அடித்து வையுங்கள். கைப்பிடி இப்போது வேண்டாம் என்று அப்பா சொல்வார். ஐந்து ஆண்டு கழித்து வேண்டியிருக்கும். பூஜை மாடம் கிழக்கே பார்க்க வேண்டும் என்றால் முதல் வரைபடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செப்டிக் டாங்க் என்றால், அதன் அளவைப் படுக்கையறைகளின் எண்ணிக்கையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். ஓர் அறை கூட்டினாலும் சுகாதாரத் துறை கேள்வி கேட்கும்.

தாளிப்புப் புகைக்கு எந்த மாதிரிச் சிம்னி போடலாம்?

புகையை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை நம் சமையலுக்கு உதவாது. ஒரே தளம் என்பதால் குழாயை நேரே கூரை வழியாக வெளியே விடுவது எளிது. ஆனால் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை இழுக்கும் சிம்னி என்றால், வெளிக்காற்று உள்ளே வருவதற்கும் வழி செய்ய வேண்டும். காரணம், பழைய எரிவாயு வெந்நீர்க் கலன் தன் புகையை எந்த விசிறியும் இல்லாமல், சூட்டினால் மட்டும் மேலே அனுப்புகிறது. நீங்கள் மிளகாய் வறுக்கும்போது சிம்னி வீட்டுக் காற்றை உறிஞ்ச, அந்தப் புகை கார்பன் மோனாக்சைடோடு திரும்ப வீட்டுக்குள் இறங்கலாம்.

பழைய இளஞ்சிவப்புக் குளியலறையை உடைப்பது எளிதா?

இல்லை. ஓடுகளைக் கம்பி வலையில் பூசிய கனத்த சிமென்ட் சாந்தில் பதித்திருப்பார்கள். சம்மட்டி துள்ளித் திரும்பும். எங்கள் வீட்டில் முகக்கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் சுவரைத் திறந்தபோது துருப்பிடித்த சவரத் தகடுகள் குவியலாகக் கொட்டின. அந்த அலமாரியின் முதுகில் மெல்லிய பிளவு ஒன்று இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழும், அவ்வளவுதான். அக்கால வீடுகளில் இது வழக்கம். கையுறை இல்லாமல் அந்தச் சுவருக்குள் கை விடாதீர்கள்.

குளிரும் சூடும்?

மச்சுத் தளத்தில் உள்ள இடுக்குகளையும் விளக்கு ஓட்டைகளையும் முதலில் அடைத்து, பிறகு வெப்பத்தடுப்பைக் கொட்டுங்கள்; இந்த வரிசை மாறக் கூடாது. இறவாரத்தின் காற்றுவழியை மூடிவிடாமல் தடுப்புப் பலகை வையுங்கள். புதிய அறைக்கு, வீட்டைச் சூடாக்கும் பழைய உலையிலிருந்து குழாய் இழுப்பதைவிடத் தனி மினி ஸ்ப்ளிட் ஹீட் பம்ப் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது.

அனுமதி இல்லாமல் செய்தால் என்ன?

விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள், தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவீர்கள். இன்ஸ்பெக்டர் உங்களுக்காக வேலை செய்பவர் என்றே நினையுங்கள். எங்கள் குளியலறையில் கழிவுக்குழாய்க்காகத் தரைச்சட்டத்தைப் பிளம்பர் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்; தரைப்பலகை மூடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. இன்ஸ்பெக்டர் சிவப்பு அட்டை ஒட்டி, பக்கத்தில் இன்னொரு சட்டம் சேர்க்க வைத்தார்.

வெள்ள அபாய மண்டலத்தில் உள்ள வீட்டுக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு: புதுப்பிக்கும் செலவு, மனை நீங்கலாகக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வீடு முழுவதையும் இன்றைய வெள்ள விதிக்கு உட்படுத்த வேண்டும், தாழ்ந்த தளமுள்ள ரேஞ்ச் வீட்டுக்கு அது பெரும்பாலும் வீட்டையே தூக்கி உயர்த்துவதாகும். ஹூஸ்டனில் வீடு பார்ப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். கலிபோர்னியாவில் சொத்து வரியைக் கட்டுப்படுத்தும் 1978ஆம் ஆண்டின் 13ஆம் முன்மொழிவுப்படி, புதிதாகக் கட்டிய பகுதி மட்டுமே மறுமதிப்புக்கு வரும்; பழைய பகுதியின் வரி அடிப்படை மாறாது.

கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுப்பதில் என்ன எச்சரிக்கை?

வேலை முடிந்த அளவுக்கே பணம். கலிபோர்னியாவில் வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்துக்கு வாங்கக்கூடிய முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான். இலினாய்ஸில், எந்தத் துணை ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு பாக்கி என்று கான்ட்ராக்டர் சத்தியப் பத்திரம் தர வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும், வீட்டின் மேல் உரிமைகோர மாட்டோம் என்ற எழுத்துமூலமான விடுவிப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கான்ட்ராக்டருக்கு முழுத் தொகையைக் கொடுத்திருந்தாலும், அவர் மரக்கடைக்குக் கொடுக்கவில்லை என்றால் மரக்கடை உங்கள் வீட்டின் மேல்தான் உரிமை கோரும். எதிர்பாராத செலவுக்கென்று மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே வைப்பது என் கணக்கு. எங்களுக்கு அது போதவில்லை, கழிவுக்குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

எதை மாற்றாமல் விடலாம்?

தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலின் அளவை. தாழ்ந்த கூரைக்கோட்டை. முகப்புச் செங்கல்லை. அதே நிறச் செங்கல் இன்று கிடைப்பது அரிது என்பதால், பின்சுவரில் எடுத்த செங்கற்களைச் சுத்தம் செய்து அடுக்கி வைத்திருந்து, பிற்பாடு முன்பக்க ஒட்டு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டோம். கார்ப்பெட்டுக்கு அடியில் 2¼ அங்குல ஓக் பலகை இருக்கிறதா என்று அலமாரியின் மூலையில் தூக்கிப் பாருங்கள். இருந்தால் அதைத் தேய்த்து மெருகேற்றினாலே போதும். கதவு இருந்த இடத்தில் நேர்க்கோடாக வெட்டிப் புதுப்பலகையை முட்ட வைக்காமல், பழைய வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்று பலகையை உருவி, புதியவற்றைப் பின்னல் போல் உள்ளே கோத்துவிடச் சொல்லுங்கள். புதிய ஓக் முதலில் வெளிறித் தெரியும். வெயில் பட்டு, ஓரிரு ஆண்டில் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.